விதைக்குள் இருக்கும் கட்டுச்சோறு: வீகன் உணவில் கார்ப் குறைப்பது எப்படி

வீகன் உணவையும் லோ கார்ப் உணவையும் ஒன்றாகக் கடைப்பிடிக்க முடியுமா என்று கேட்டால் இரண்டு தரப்பும் கையை விரிக்கும். "செடியிலிருந்து வருவதெல்லாம் மாவுச்சத்துதானே, அதில் எதைக் குறைப்பது?" என்பார் ஒருவர். "முட்டையும் இறைச்சியும் இல்லாமல் லோ கார்ப்பா?" என்று சிரிப்பார் இன்னொருவர். இவர்களைவிட எனக்குக் கவலை தருவது மூன்றாவது கூட்டம்தான். பருப்பும் கொண்டைக்கடலையும் "புரத உணவு" என்று எங்கோ படித்துவிட்டு, அரிசிக்கும் ரொட்டிக்கும் பதிலாக அவற்றைத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு, கார்ப் குறைந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்.

மூன்று தரப்புக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு செடி தனக்கான எரிபொருளை எந்தப் பாகத்தில், எந்த வடிவத்தில் சேர்த்து வைக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதைச் சாப்பிடலாம் என்ற நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. அதற்கு முன் சில அடிப்படைகளைப் பார்த்துவிடலாம்.

## எது வீகன், எது லோ கார்ப்

வீகன் என்பது விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாத முறை. இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்லாமல் பால், தயிர், நெய், தேன் எல்லாமே இதில் விலக்கு. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் வீகன் சொசைட்டியைத் தொடங்கியதிலிருந்து இது ஓர் இயக்கமாகவே நடந்து வருகிறது. இந்த விதி உணவு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும்தான் கேட்கிறது. வெள்ளைச் சர்க்கரையும் உருளைக்கிழங்கு சிப்ஸும் மைதா பிஸ்கட்டும் தாராளமாக வீகனாக இருக்கலாம். ஆகவே "வீகனுக்கு மாறிவிட்டேன், ஆனால் எடையும் சர்க்கரையும் இறங்கவில்லையே" என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

லோ கார்ப் என்பது கார்போஹைட்ரேட்டின் அளவைப் பற்றியது. எந்த அளவு "லோ" என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து கிடையாது. ஆய்வுகளில் பரவலாகப் புழங்கும் எல்லை இதுதான்: ஒரு நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தால் லோ கார்ப், 20 முதல் 50 கிராமுக்குள் சுருக்கினால் கீட்டோ. பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கீட்டோ என்பது லோ கார்ப்பின் கடைசி முனை. லோ கார்ப்பாக இருக்க அங்கே வரை போக வேண்டியதில்லை. வீகனாக இருப்பவருக்கு இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

## கார்போஹைட்ரேட் மூன்று வகை

கார்போஹைட்ரேட் என்ற ஒரே பெயரில் மூன்று பொருள்கள் வருகின்றன: சர்க்கரை, மாவுச்சத்து, நார்ச்சத்து.

சர்க்கரை சிறிய மூலக்கூறு. அதில் நம் உடலுக்கு முக்கியமானது குளுக்கோஸ். ரத்தச் சர்க்கரை என்று பரிசோதனைக்கூடத்தில் அளப்பது இதைத்தான். மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கோத்த நீண்ட சங்கிலி. உமிழ்நீரிலும் கணையநீரிலும் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி அந்தச் சங்கிலியை வெட்டத் தொடங்கும். குடலில் அது தனித்தனி குளுக்கோஸாகி ரத்தத்தில் சேரும். இனிப்பே இல்லாத ரொட்டித் துண்டும் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவது இதனால்தான்.

நார்ச்சத்தும் பெரும்பாலும் இப்படிப்பட்ட சங்கிலிகள்தான். கண்ணிகள் பிணைந்திருக்கும் விதம் வேறு, அவ்வளவே. உதாரணமாக, செல்லுலோஸும் முழுக்க முழுக்க குளுக்கோஸால் ஆனது. ஆனால் அந்தப் பிணைப்பை வெட்டும் நொதி மனித உடலில் கிடையாது. அதனால் அது குளுக்கோஸாக மாறாமல் பெருங்குடல் வரை போய்ச் சேருகிறது. சில வகை நார்ச்சத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து, உடல் பயன்படுத்தக்கூடிய சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன.

மொத்த கார்ப்பிலிருந்து நார்ச்சத்தைக் கழித்தால் மிஞ்சுவதை நெட் கார்ப் என்கிறார்கள். ரத்தச் சர்க்கரையைத் தொடுவது பெரும்பாலும் இந்த மிச்சம்தான். இறைச்சியில் நார்ச்சத்தே கிடையாது என்பதால் அசைவ லோ கார்ப்காரருக்கு இந்தக் கணக்கு பெரிதாகத் தேவைப்படாது. செடியை மட்டும் உண்பவருக்கு இது இல்லாமல் நகர முடியாது. 100 கிராம் ஆளிவிதையில் சுமார் 29 கிராம் கார்ப். பார்த்தால் பயமாக இருக்கும். அதில் 27 கிராம் நார்ச்சத்து. மிச்சம் இரண்டே கிராம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாக்கெட்டில் எழுதியிருக்கும் கார்ப் எண், நாட்டுக்கு நாடு வேறு பொருள் தரும். அமெரிக்க லேபிளில் மொத்த கார்ப்புக்குள் நார்ச்சத்தும் அடங்கும். நாம்தான் கழிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய லேபிளில் அது ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும், நார்ச்சத்து தனி வரியில் வரும். அங்கே மறுபடியும் கழித்தால் கணக்கு தப்பாகும். இறக்குமதிப் பொருள் வாங்குபவர்கள் இதில் அடிக்கடி சறுக்குகிறார்கள்.

## கார்ப் குறையும்போது உடலுக்குள் நடப்பது

சாப்பிட்டதும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசையையும் கொழுப்புத் திசுவையும் குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஹார்மோன் அது. அதோடு, சேமித்த கொழுப்பை வெளியே விடாதே என்றும் சொல்லும். மிச்சமாகும் குளுக்கோஸின் ஒரு பங்கு கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது: கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்கும்.

கார்ப்பைக் குறைத்ததும் இந்தச் சேமிப்பு கரைகிறது, கூடவே அந்தத் தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதன் பின்னணி இதுதான். அது கொழுப்பு கரைந்த கணக்கில்லை. அதைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பவர்கள் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் எடை நின்றுவிட்டது என்று சோர்ந்து போகிறார்கள். இரண்டுக்குமே அவசியமில்லை.

இன்சுலின் தாழ்ந்தால் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் வெளிவரும். கார்ப் மிகவும் குறைந்துவிட்டால் கல்லீரல் அவற்றிலிருந்து கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளைத் தயாரிக்கும். மூளையும் அதைப் பயன்படுத்தும். மூளை ஒரு நாளுக்கு 120 கிராம் போல குளுக்கோஸை எரிக்கிறது என்பதால் அத்தனையையும் தட்டில்தான் போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தேவைப்பட்டதில் ஒரு பங்கைக் கீட்டோன் ஈடுகட்டும். மீதியைக் கல்லீரலே புரதத்திலிருந்தும் கொழுப்பின் ஒரு சிறு பகுதியிலிருந்தும் செய்துகொள்ளும். இந்தக் கீட்டோன் நிலையை வைத்து 1921இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்கு ஓர் உணவு முறையை முன்வைத்தார். இன்றைய கீட்டோவின் தொடக்கம் அங்கேதான், எடைக் குறைப்பில் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ரத்தச் சர்க்கரையை ஏற்றுவது சர்க்கரையும் மாவுச்சத்தும், நார்ச்சத்து அந்தக் கணக்கில் வராது. கார்ப் குறைந்தால் இன்சுலின் தாழும், உடல் கொழுப்பை அதிகம் எரிக்கும். கீட்டோன் உருவாகும் அளவுக்குக் குறைப்பது வேறு, 130 கிராமுக்குள் வைத்திருப்பது வேறு.

## கட்டுச்சோறு கணக்கு

இப்போது செடிக்கு வருவோம். விலங்குக்கும் செடிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. விலங்கு தன் எரிபொருளில் பெரும்பகுதியைக் கொழுப்பாக வைத்துக்கொள்கிறது; தசையில் இருக்கும் கிளைகோஜன் மிகக் குறைவு. அதனால்தான் இறைச்சியில் புரதமும் கொழுப்பும் இருக்கும், கார்ப் கிட்டத்தட்ட இருக்காது. செடியின் உலகம் வேறு. அதற்குச் சேமிப்பு என்றாலே பெரும்பாலும் மாவுச்சத்து.

ஒரு விதையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ச்செடியை விட்டுப் பிரிந்து, மண்ணுக்குள் விழுந்து, முளைத்து, முதல் இலை விட்டுத் தானே உணவு சமைக்கத் தொடங்கும் வரை அதற்குச் சாப்பாடு வேண்டும். வெளியூர் போகிற பிள்ளைக்கு அம்மா கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதுபோல, தாய்ச்செடி விதைக்குள் அதைக் கட்டி அனுப்புகிறது. நாம் விதையைத் தின்னும்போது உண்மையில் தின்பது அந்தக் கட்டுச்சோற்றைத்தான்.

அந்தக் கட்டில் இரண்டு பொருள் இருக்க வேண்டும். முளை தன் உடலைக் கட்டிக்கொள்ளப் புரதம், வழிச்செலவுக்கு எரிபொருள். புரதம் எல்லா விதையிலும் கொஞ்சமாவது உண்டு. எரிபொருள் விஷயத்தில்தான் செடிகள் இரண்டு கட்சியாகப் பிரிகின்றன. ஒரு கட்சி மாவுச்சத்தைக் கட்டிக் கொடுக்கிறது: அரிசி, கோதுமை, சோளம் போன்ற தானியங்கள், பருப்பு வகைகள், கொண்டைக்கடலை, ராஜ்மா, பட்டாணி. இன்னொரு கட்சி எண்ணெயைக் கட்டிக் கொடுக்கிறது: எள், நிலக்கடலை, சூரியகாந்தி விதை, பூசணி விதை, ஆளிவிதை, பாதாம், வால்நட், தேங்காய், சோயா.

வீகன் லோ கார்ப் முழுவதும் இந்த ஒரு பிரிவில் அடங்கிவிடுகிறது. எண்ணெய்க் கட்சியிலிருந்து புரதத்தை எடுத்தால் கார்ப் கூடவே வந்து ஒட்டாது. மாவுச்சத்துக் கட்சியிலிருந்து எடுத்தால் கேட்காமலேயே வரும். எண்ணெய் ஆட்டுகிற விதையா, மாவாக அரைக்கிற விதையா என்று கேட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எண்களைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். வேகவைத்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம், 20 கிராம் கார்ப். அதில் 8 கிராம் நார்ச்சத்து. வேகவைத்த கொண்டைக்கடலையில் அதே 9 கிராம் புரதத்துக்கு 27 கிராம் கார்ப். வேகவைத்த சோயா பீன்ஸில் 17 கிராம் அளவு புரதம், கார்ப் 10 கிராமுக்குள், அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. ஓடு நீக்கிய பூசணி விதையில் 30 கிராம் புரதத்துக்கு 11 கிராம் கார்ப். நிலக்கடலையில் 26க்கு 16, பாதியளவு நார்ச்சத்து. சோயாவும் நிலக்கடலையும் தாவரவியலில் பருப்பின் குடும்பம்தான். ஆனாலும் கட்டுச்சோறு மட்டும் வேறு.

விதிவிலக்கு இல்லாமல் எதுவும் இல்லை. முந்திரி நட்ஸ் என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது, எண்ணெயும் நிறைய இருக்கிறது. ஆனால் 100 கிராமில் 30 கிராம் கார்ப், அதில் நார்ச்சத்து வெறும் 3 கிராம். முந்திரிக்குள் மாவுச்சத்தும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. செஸ்ட்நட் இன்னும் மோசம், அது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து.

## இலை, தண்டு, கிழங்கு, பழம்

இதே பார்வையை மற்ற பாகங்களுக்கும் நீட்டலாம். இலை சூரிய ஒளியை வைத்து உணவு சமைக்கிற இடம், நீண்ட நாள் சேர்த்து வைக்கிற இடம் அல்ல. அதனால் கீரை, முட்டைகோஸ், லெட்டூஸ் எல்லாவற்றிலும் கார்ப் மிகக் குறைவு. பசலைக்கீரையில் 100 கிராமுக்கு 4 கிராமுக்கும் குறைவு, அதில் பாதிக்கு மேல் நார்ச்சத்து. காலிஃபிளவரும் ப்ரோக்கோலியும் விரியாத பூக்கள், அவையும் இந்தப் பக்கம்தான். கிழங்கு, அடுத்த பருவத்துக்காகச் செடி நிரப்பி வைக்கும் கிடங்கு: வேகவைத்த உருளைக்கிழங்கில் 20 கிராம். கேரட்டும் பீட்ரூட்டும் நடுவில் நிற்கின்றன.

பழம், விதையைத் தூக்கிக்கொண்டு போகிற விலங்குக்குச் செடி கொடுக்கும் கூலி, ஆகவே சர்க்கரை. வாழைப்பழத்தில் 23 கிராம், ஸ்ட்ராபெர்ரியில் 8 கிராம் போல. அவகாடோவும் ஆலிவும் கூலியைச் சர்க்கரையாகத் தராமல் எண்ணெயாகத் தருகின்றன. அவகாடோவில் நெட் கார்ப் 2 கிராம்தான். கத்தரி, வெண்டை, வெள்ளரி, சுரைக்காய் போன்றவற்றை முற்றிப் பழுப்பதற்கு முன்பே பறித்துவிடுகிறோம், அதனால் அவை கவலை தராதவை.

## மாவுச்சத்தைப் பிரித்தெடுத்துப் போடுவது

சமையலறையில் மனிதன் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்த ஒரு வேலை இங்கே உதவுகிறது: கட்டைப் பிரித்து, புரதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவது.

டோஃபு அதற்கு நல்ல உதாரணம். சோயாவை ஊறவைத்து அரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். கிடைத்த பாலில் கால்சியம் சல்பேட் அல்லது மெக்னீசியம் குளோரைடு போன்ற உப்பைச் சேர்த்தால் புரதமும் கொழுப்பும் திரளும். சோயாவில் இருந்த சர்க்கரைகள் பிழிகிற தண்ணீரோடு கழியும். மிஞ்சும் கெட்டி டோஃபுவில் 100 கிராமுக்கு 12 முதல் 17 கிராம் புரதம், கார்ப் 3 கிராம் அளவு. கால்சியம் உப்பில் திரளவைத்ததாக இருந்தால் கால்சியமும் கணிசமாகக் கிடைக்கும். டெம்பே என்பது சோயாவைப் பூஞ்சையால் நொதிக்க வைத்துக் கட்டியாக்கியது. அதில் சோயாவை முழுசாகப் பயன்படுத்துவதால் கார்ப் கொஞ்சம் கூட, 8 கிராம் போல. புரதமும் கூட, 19 கிராம் அளவு.

கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து கரைந்து ஓடி, ரப்பர் போன்ற ஓர் உருண்டை மிஞ்சும். அதுதான் குளுட்டன், சைத்தான் என்ற பெயரில் விற்பதும் இதுதான். மாவுச்சத்துக் கட்சியின் தலைவரான கோதுமையிலிருந்தே லோ கார்ப் புரதம் கிடைப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். குளுட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் மட்டும் இதைத் தொடவே கூடாது. பட்டாணிப் புரதப் பொடியும் இதே தத்துவத்தில் தொழிற்சாலையில் செய்யப்படுவதுதான்.

இதன் பயன் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாளுக்கு 50 கிராம் புரதம் வேண்டும், அதைப் பருப்பிலிருந்து மட்டும் எடுக்கப் பார்க்கிறோம் என்றால் வேகவைத்த பருப்பு 550 கிராம் போலச் சாப்பிட வேண்டும். கூடவே 110 கிராம் கார்ப் வரும். நார்ச்சத்தைக் கழித்தாலும் 66 கிராம். கீட்டோ எல்லை அங்கேயே உடைந்துவிட்டது, இன்னும் காய்கறியே சேர்க்கவில்லை. அதே 50 கிராமை டோஃபுவிலிருந்து எடுத்தால் 300 முதல் 400 கிராம் டோஃபு, கார்ப் 10 கிராம் சுற்றி.

வீகன் அடையாளம் ஒட்டிய எல்லாத் தயாரிப்பும் இந்த வேலையைச் செய்வதில்லை. வீகன் சீஸ் என்று விற்பதில் பல, மாவுச்சத்தும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்த கலவை; புரதம் ஏறக்குறைய பூஜ்யம். ஓட்ஸ் பால் தயாரிக்கும்போது நொதி சேர்த்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறார்கள், இனிப்புச் சேர்க்காமலே அது இனிப்பது அதனால். பாதாம் பாலில் கார்ப் குறைவு, ஆனால் புரதமும் இல்லை என்றே சொல்லலாம். இவற்றோடு ஒப்பிட்டால் சர்க்கரை சேர்க்காத சோயா பால்தான் புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வருகிறது.

ஆக, எண்ணெய் விதைகள், சோயா, பிரித்தெடுத்த புரதங்கள், இலைகள், பூக்கள், பழுக்காத காய்கள் ஆகியவைதான் அடித்தளம். பருப்பும் தானியமும் கிழங்கும் அளந்து போட வேண்டியவை.

## எவ்வளவு தூரம் குறைப்பது

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீகன்களுக்குக் கீட்டோ தேவையில்லை. 20 முதல் 50 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்றால் பருப்பு முழுவதும் வெளியே போக வேண்டும், பழம் ஏறக்குறைய வெளியே, டோஃபுவும் விதைகளும் கீரையும் மட்டும் தினந்தோறும் சுற்றிச் சுற்றி வரும். முடியாது என்றில்லை, ஆனால் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பது சிரமம். விலக்கும் பட்டியல் நீள நீள ஏதாவது ஒரு சத்து விட்டுப்போகவும் செய்யும்.

நூறு கிராம் சுற்றி வைத்துக்கொண்டால் நாளில் ஒரு வேளை ஒரு கிண்ணம் பருப்பும் கொஞ்சம் பழமும் உள்ளே வரும். பருப்பில் உள்ள மாவுச்சத்தைத் தள்ளிவைக்கச் சொன்னாலும், அதை வெள்ளை ரொட்டியின் மாவுச்சத்தோடு ஒரே தராசில் வைக்க முடியாது. நார்ச்சத்தும் செல் சுவரும் சூழ்ந்திருப்பதால் அது மெதுவாகத்தான் குளுக்கோஸாகிறது. உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதை அளக்கும் கிளைசீமிக் இண்டெக்ஸில் பருப்பு வகைகள் கீழ்ப்படியில் இருக்கின்றன.

அந்த அளவுகோலை 1981இல் உருவாக்கிய டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ்தான் வீகன் லோ கார்ப்பையும் ஆய்வுக்கு எடுத்தவர். எகோ அட்கின்ஸ் என்று பெயர் பெற்ற அந்த ஆய்வு 2009இல் வெளியானது. உடல் பருமனும் கொலஸ்டிராலும் கூடுதலாக இருந்த 47 பேரில் ஒரு பிரிவுக்கு, கலோரியில் 26 சதவீதம் மட்டும் கார்ப் உள்ள தாவர உணவு. புரதம் குளுட்டன், சோயா, நட்ஸிலிருந்து. இன்னொரு பிரிவுக்கு பாலும் முட்டையும் சேர்ந்த, கார்ப் அதிகமான சைவ உணவு. நான்கு வாரத்தில் இரண்டு பிரிவிலும் எடை சுமார் 4 கிலோ குறைந்தது. வித்தியாசம் எல்டிஎல்லில் தெரிந்தது. லோ கார்ப் பிரிவில் அது கூடுதலாக இறங்கியது. எல்டிஎல் என்பது ரத்தக்குழாயில் படியும் வகைக் கொலஸ்டிரால். 2,000 கலோரி உண்பவருக்கு 26 சதவீதம் என்பது 130 கிராம். அதாவது அவர்கள் கீட்டோ பக்கமே போகவில்லை.

எடையில் வித்தியாசம் தெரியாதது தற்செயல் என்று நினைக்க வேண்டாம். 2018இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டஃபர் கார்ட்னர் குழு 609 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தது. அது வீகன் ஆய்வு அல்ல. நல்ல தரமான லோ ஃபேட் உணவு உண்டவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், நல்ல தரமான லோ கார்ப் உண்டவர்கள் 6 கிலோவும் குறைந்தார்கள். புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை. எடை குறைப்பதற்காக மட்டும் வருகிறவர்கள் லோ கார்ப்பில் மந்திரம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க நினைப்பவர்களுக்கு இதில் கிடைப்பது அதிகம்.

கலோரிக் கணக்கும் மறைந்துவிடுவதில்லை. கார்ப்பும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. பாதாம் 100 கிராமில் 580 கலோரி போல இருக்கிறது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கொறித்தால் அது எப்போது உள்ளே போனது என்றே தெரியாது. எந்தக் கொழுப்பு என்பதும் முக்கியம். தேங்காய் எண்ணெய் செடியிலிருந்து வந்தாலும் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றும். ஆலிவ் எண்ணெய், நட்ஸ், விதைகளை முன்னால் நிறுத்தினால்தான் ஜென்கின்ஸ் ஆய்வில் கிடைத்தது போன்ற பலன் கிடைக்கும்.

## விட்டுப்போகும் சத்துகள்

பி12 வைட்டமினில் பேச்சுக்கே இடமில்லை, மாத்திரையோ பி12 சேர்க்கப்பட்ட உணவோ கட்டாயம். அதைத் தயாரிப்பது பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் மட்டுமே. செடிகளில் நம்பத்தக்க அளவில் கிடையாது. ஸ்பைருலினாவில் இருக்கிறது என்பார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் பழைய சேமிப்பு சில வருடங்கள் தாங்கும், அதனால் "நான் மாத்திரை போடாமலே நன்றாக இருக்கிறேன்" என்ற அனுபவக் கதைகளை நம்பாதீர்கள். நரம்பு பாதிப்பு மெதுவாக வந்து, சில நேரம் திரும்பாமலே தங்கிவிடும். வீகன் சொசைட்டியின் பரிந்துரை தினம் குறைந்தது 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரத்துக்குக் குறைந்தது 2,000 மைக்ரோகிராம்.

அடுத்தது லைசின். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் சிலவற்றை உடலால் தயாரிக்க முடியாது, உணவில்தான் வர வேண்டும். லைசின் அவற்றில் ஒன்று. பருப்பு வகைகளில் நிறைய, தானியத்திலும் பெரும்பாலான நட்ஸிலும் குறைவு, குளுட்டனில் மிகக் குறைவு. சாதாரண வீகன் தினமும் பருப்பு உண்பதால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. கார்ப்புக்குப் பயந்து பருப்பைக் கைவிட்டு, பாதாமையும் சைத்தானையும் மட்டும் நம்புகிற வீகனுக்குத்தான் இது சிக்கல். தினமும் சோயாவோ பட்டாணிப் புரதமோ ஏதாவது ஒரு வடிவில் தட்டில் இருந்தால் தீர்ந்தது.

ஒமேகா 3 கொழுப்பு ஆளிவிதை, சியா, வால்நட்டில் உண்டு. ஆனால் அந்த வடிவத்தை மூளைக்கும் கண்ணுக்கும் தேவையான டிஹெச்ஏவாக உடல் மாற்றுவது மிகக் குறைவு. மீனுக்கே அது பாசியிலிருந்துதான் வருகிறது என்பதால் பாசி எண்ணெய் மாத்திரை நேர்வழி. ஆளிவிதையைப் பொடித்துத்தான் சாப்பிட வேண்டும், முழு விதை அப்படியே வெளியே போய்விடும். இரும்புச்சத்துக்கு எலுமிச்சையோ குடைமிளகாயோ கூட இருந்தால் உறிஞ்சுதல் கூடும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் குறையும். அயோடின், துத்தநாகம், வைட்டமின் டி மூன்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இந்த உணவு முறைக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. பாதாமும் பசலைக்கீரையும் ஆக்சலேட் நிறைந்தவை. சிறுநீரகக் கற்களில் மிகவும் பரவலான வகைக்கு மூலப்பொருள் அது. பாதாம் மாவு ரொட்டி, பாதாம் பால், பசலை ஸ்மூத்தி என்று மூன்று வேளையும் போனால் அளவு எங்கோ போய்விடும். ஏற்கெனவே கல் வந்தவர்கள் வேறு கீரைகளுக்கும் பூசணி விதைக்கும் மாறிக்கொள்ளலாம்.

## டாக்டரிடம் பேசாமல் தொடங்கக் கூடாதவர்கள்

இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் மருந்தின் அளவை மாற்றாமல் திடீரென்று கார்ப்பைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் என்ற வகை சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி: அவர்கள் கார்ப்பை மிகவும் குறைத்தால் கீட்டோன் கட்டுக்கடங்காமல் ஏறி ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இது வரலாம் என்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இந்த வகையைச் சேர்ந்தவை.

ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். இன்சுலின் தாழும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் அதிகம் வெளியேற்றும். முதல் சில நாட்களில் வரும் தலைவலியும் சோர்வும் கிறுகிறுப்பும் இதனால்தான். ஆரோக்கியமானவர்கள் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் கூட்டினால் சரியாகிவிடும். அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் வரை போகலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் இந்த முறையைத் தாங்களாகக் கையில் எடுக்கக் கூடாது.

தொடங்கும் முன் ஒருமுறை ஹெச்பிஏ1சி, கொலஸ்டிரால், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பி12, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) ஆகியவற்றைப் பரிசோதித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் உணவு வேலை செய்கிறதா இல்லையா என்பது தெரியும். மூன்று மாதம் என்பதற்குக் காரணம், ஹெச்பிஏ1சி கிட்டத்தட்ட அந்தக் கால அளவின் சராசரிச் சர்க்கரையைத்தான் காட்டும். அதற்கு முன்னால் எடுத்தால் பழைய உணவின் எண்ணும் அதில் கலந்திருக்கும்.